சுவருக்கு அடித்த காய்ச்சல்

அன்புள்ள கண்ணு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி ஒன்றரை தாண்டிவிட்டது. உன் அப்பா சங்ககிரியில் லோடு இறக்கிவிட்டு வந்து, சாப்பிட்ட கையோடு படுத்துவிட்டார். விடியும்போது அவரை எழுப்பிச் சேந்தமங்கலத்துக்கு அனுப்பி, மலைக்கு ஏறும் முதல் பஸ்ஸின் கண்டக்டரிடம் இதைக் கொடுக்கச் சொல்லப் போகிறேன். தபாலில் போட்டால் உனக்கு வந்து சேர மூன்று நாளாகும். அத்தனை நாள் எனக்குப் பொறுக்காது. எழுத்து கோணலாக இருந்தால் தூக்கக் கலக்கம் என்று நினைக்காதே. நன்றாக விழித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு காரியம் செய். மிச்சத்தை அப்புறம் படி. இந்தக் காகிதத்தை அப்படியே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய், நீ சோலார் விளக்கு மாட்டிய பிள்ளைகள் விடுதியில் எரிகிற விளக்கையெல்லாம் அணை. பிறகு பேட்டரி அறைக்குப் போ. கதவையும் ஜன்னலையும் திறந்து காற்றாட விட்டுவிட்டு, சோலார் பலகையிலிருந்து வரும் ஒயரையும், விடுதிக்குள் போகும் கேபிளையும் பேட்டரித் தலையிலிருந்தே கழற்றி வை. உள்ளே சுவிட்சுப் பலகையில் இருக்கும் ஃபியூஸைப் பிடுங்கினால் போதும் என்று நினைத்துவிடாதே. அது போதாது. ஏன் போதாது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு பக்கம். நீ எழுதியிருந்த அந்தச் சுவரோரத்தில் பிள்ளைகள் யாரும் படுக்கக் கூடாது. பாயைச் சுருட்டி எதிர்ச்சுவருக்கு மாற்றச் சொல். செய்துவிட்டாயா? இப்போது உட்கார்ந்து படி.

உன் கடிதம் இன்று சாயங்காலம் வந்தது. வழக்கம்போல் நின்றுகொண்டே பிரித்தேன். முதல் பக்கம் முழுக்கச் சிரிப்பு. மலையில் குளிர் எப்படி, வார்டன் ஐயா எத்தனை முறை ரேடியோ வைக்கச் சொல்கிறார், கரண்ட் கம்பியே வராத ஊரில் ட்யூப் லைட் எரிவதைப் பார்க்கப் பக்கத்துக் குக்கிராமத்திலிருந்து வந்து நின்றவர்கள். இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தாய்: "ரெண்டு தரம் ஃபியூஸ் போச்சும்மா. கொஞ்சம் தடிப்பான கம்பியாகப் போட்டுவிட்டேன், இப்போது தொந்தரவே இல்லை. ஒரு வேடிக்கை கேள். பெரிய ஹாலில் ஒரு சுவரில் ஒரு இடம் மட்டும் ராத்திரியில் வெதுவெதுப்பாக இருக்கிறது. பிள்ளைகள் அந்த இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு முதுகை ஒட்டிப் படுக்கிறார்கள். 'சொவத்துக்கு உசிரு இருக்குதுங்க சார்' என்கிறார்கள். பாவாயி அத்தை இங்கேயும் வந்துவிட்டாளோ என்று நானும் தோளைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டேன்."

அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். அடுப்பில் வைத்த குழம்பு தீய்ந்தபோதுதான் உன் கடிதத்தை இரண்டாகக் கிழியும் அளவுக்குப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

அந்தத் தோளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். உன் இடது தோள்பட்டையில் நாலு கோடாக இருக்கும் தழும்பு. விவரம் தெரிந்த நாளிலிருந்து உன்னிடம் என்ன சொல்லி வளர்த்தோம்? உன் அப்பாவின் கடைசித் தங்கை பாவாயி, கல்யாணமாகாமல் பதினொரு வயதில் காய்ச்சலில் போனவள், நம் வீட்டுக் கன்னி. நெருப்பில் இருந்து உன்னைத் தள்ளிவிட்டபோது அவள் கை பட்ட தடம் என்று. பரீட்சைக்குப் போகும்போது அதைத் தொட்டுக் கும்பிட்டாய். டிப்ளமோ வாங்கியபோதும், மலைக்கு வேலைக்கு ஏறும்போதும் தொட்டுக் கும்பிட்டாய். ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது அவள் கை இல்லை, கண்ணு. அது என் ஒயர்.

நாம் தோட்டத்து வீட்டில் இருந்த காலம் உனக்குப் பாதி கனவு மாதிரிதான் ஞாபகமிருக்கும். புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே இரண்டு மைல், சுற்றிலும் சோளக்காடு. எழுபதுகளின் தொடக்கம். கரண்டுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்த வீடுகளில் நம் வீடும் ஒன்று. கிணற்றில் தண்ணீர் இறைக்க ஆயில் இஞ்சின். உன் அப்பாவுக்கு லாரியைத் தவிர வேறு உலகம் கிடையாது. சங்ககிரி பட்டறைகளில், லாரியை ஸ்டார்ட் பண்ணச் சக்தி போன பழைய பேட்டரிகளைக் கழித்துப் போடுவார்கள். இஞ்சினை முறுக்க ஆகாதே தவிர, விளக்கெரிக்க அவற்றில் தாராளமாகத் தெம்பு இருக்கும். அப்படி நாலு பேட்டரி கொண்டுவந்து இஞ்சின் ரூமில் வரிசையாக வைத்தார். ஆயில் இஞ்சினோடு ஒரு பழைய லாரி டைனமோவைப் பெல்ட் போட்டு மாட்டினார். காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாயும்போது பேட்டரியும் ஏறிவிடும். இன்று உன் சோலார் பலகை செய்வதை அன்று அந்த டைனமோ செய்தது. அவ்வளவுதான் வித்தியாசம். "பொழுதோட விளக்கெரியோணும். ஒயரு எவ்வளவு, என்ன சைசுன்னு நீ கணக்குப் போட்டுக் குடு புள்ள, நீதான படிச்சவ" என்றார்.

எனக்கு அப்போது இருபத்தைந்துகூட இல்லை. சேலத்தில் பி.எஸ்சி. பௌதிகம் முடித்த கையோடு அந்தக் காட்டுக்குள் வந்தவள். வந்த நாளிலிருந்து என் படிப்பு அந்த வீட்டில் ஒரு கேலிப்பொருள். கேலி பண்ணுவது உன் பெரியத்தை. அப்பாவுக்கு அக்கா, புருஷனை இழந்து பிறந்த வீட்டோடு வந்துவிட்டவர். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏ காலேஜு, மாட்டுக்குத் தண்ணி வெச்சியா? காலேஜு, களி இப்படியா கிண்டுவாங்க உங்க சேலத்துல?" அதனால் உன் அப்பா கணக்குக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய நோட்டை எடுத்தேன். லாரி பல்பு மூன்று, ஒரு ரேடியோ, சுமார் ஆறு ஆம்பியர். இஞ்சின் ரூமிலிருந்து வீடு அறுபதடி. மூன்று இழை இருபத்திரண்டு நம்பர் ஒயர் போட்டால் ஒன்றரை வோல்ட் வழியில் போகும், பரவாயில்லை என்று வந்தது. சீட்டில் அழகாக எழுதிக் கொடுத்தேன்: மூணு இருபத்திரண்டு, அறுபதடி. உன் அப்பா அதைக் கொண்டுபோய்ச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கி வந்தார்.

தப்பு எங்கே என்று இந்நேரம் உனக்குத் தெரிந்திருக்கும். போன கரண்ட் திரும்பி வர வேண்டாமா? அறுபதடி போனால் அறுபதடி வர வேண்டும். நூற்றிருபதடிக்குக் கணக்குப் போட வேண்டியதை நான் பாதிக்குப் போட்டேன். காலேஜில் படம் வரையும்போது திரும்பி வரும் கோடு வெறும் கோடு. அதற்கு நீளமே கிடையாது. வாங்கப் போனவருக்காவது உறைத்ததா என்றால், அவர் லாரிக்காரர். லாரியில் எல்லாவற்றுக்கும் ஒரே ஒயர்தான், இன்னொரு ஒயர் லாரியின் இரும்புதான். படித்தவளின் பிசகும் லாரிக்காரரின் பழக்கமும் ஒரே இடத்தில் வந்து நின்றன. ஒயரை இழுத்துக் கட்டிய பிறகுதான் இரண்டு பேரும் முழித்தோம். "அட, இதுக்குப் போயி மறுக்கா சேலம் போவாங்களா" என்று சொல்லி, லாரியில் கழித்த துண்டு ஒயர்களை முறுக்கி முறுக்கி ஒட்டுப் போட்டு, மேலே டேப் சுற்றித் திரும்பும் ஒயராக இழுத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லியிருக்கலாம். கணக்குத் தப்பு, ஒயர் இதைவிடத் தடிமனாக வேண்டும், ஒட்டுக் கூடாது என்று சொல்லியிருந்தால் பெரியத்தை ஒரு வருஷத்துக்குச் சிரித்திருப்பார். அதற்குப் பயந்து சும்மா இருந்தேன். அந்த முறுக்கல் ஒன்று, உள்ரூம் மண்சுவரில் காடி எடுத்து ஒயரைப் புதைத்துப் பூசிய இடத்துக்குள் போய்விட்டது. தரையிலிருந்து முழங்கால் உயரம். ஃபியூஸை முன்ரூமில், சேலத்தில் எங்கள் வீட்டில் பார்த்த மாதிரியே, பலகையில் பீங்கான் கட்டையில் மாட்டினேன். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் அந்த அறுபதடியும் அந்தச் சுவரும் இருந்தன. அது எனக்கு அன்று ஒரு விஷயமாகவே படவில்லை.

ஐப்பசியில் விளக்கெரிந்தது. கொஞ்சம் மங்கல்தான். ஆனாலும் மண்ணெண்ணெய் வாடையில்லாத வெளிச்சம். கார்த்திகை பிறந்து குளிர் இறங்கியபோது ஒரு நாள், விளக்கு வைத்துச் சற்று நேரத்துக்கெல்லாம், உள்ரூமிலிருந்து பெரியத்தை என்னைக் கூப்பிட்டார். குரலே மாறியிருந்தது. போய்ப் பார்த்தால் தரையில் உட்கார்ந்து சுவரில் உள்ளங்கையை வைத்திருந்தார். என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். வீடெல்லாம் சில்லென்று இருக்க, அந்த ஒரு கையகல இடம் வெதுவெதுப்பாக இருந்தது. அடுப்பின் சூடு மாதிரியில்லை, வெயில் காய்ந்த சூடும் இல்லை. ஆளைத் தொட்டால் எப்படியிருக்குமோ அப்படி. "காச்ச அடிக்குது" என்றார் மெதுவாக. "பாவாயிக்கு இப்படித்தான் அடிச்சுது. இங்கதான், இந்தச் சொவத்தோரமாத்தான் படுத்துக் கெடந்தா."

நான் பயந்தேன், ஒளிக்கவில்லை. பி.எஸ்சி. எல்லாம் எங்கேயோ போய்விட்டது. அன்றிலிருந்து தினமும் பொழுது சாய்ந்தால் சுவர் சுடும், விடிந்தால் ஆறிவிடும். காய்ச்சலும் அப்படித்தானே, சாயங்காலம் ஏறிக் காலையில் இறங்கும்? அப்பா லாரியோடு போய், வீட்டில் ஒரே விளக்கு எரியும் நாட்களில் சுவர் குளிர்ந்து கிடக்கும். "அண்ணன் இல்லீன்னா அவளுக்கு ஆகாது, மூஞ்சியத் திருப்பிக்குவா" என்பார் பெரியத்தை. ஒறம்பரை, விருந்தாளி என்று யாராவது வந்து எல்லா விளக்கும் எரிந்தால் சுவர் அதிகமாகச் சுடும். "சனத்தப் பார்த்தா அவளுக்குச் சந்தோசம்." எல்லாம் பொருந்தி வந்தது, கண்ணு. ஒன்றுகூடப் பிசகவில்லை. நம்பாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

இரண்டாம் வாரம் யாருமில்லாத ஒரு சாயங்காலம், ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, உன்னிடம் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கச் சொன்னேன். உனக்கு அது விளையாட்டு, குதித்துக் குதித்து சுவிட்சைத் தட்டினாய். ஒரு விளக்கு அணைந்தது, கொஞ்ச நேரத்தில் சுவர் சற்று ஆறியது. இரண்டாவது அணைந்ததும் இன்னும் ஆறியது. மூன்றையும் திரும்ப எரியவிட்டதும் சூடு ஏறியது. ஆம்பியர் இரட்டித்தால் சூடு நாலு மடங்கு, இது புத்தகத்தில் முதல் பாடம். சுவருக்குள் இருந்த அந்த முறுக்கல் ஒட்டுதான் சூடேறிக்கொண்டிருந்தது. பாவாயி அல்ல. எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அப்படியும் ஏன் வாயைத் திறக்கவில்லை? இதைத்தான் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. அந்த இரண்டு வாரத்தில் பெரியத்தை என்னைக் காலேஜு என்று கூப்பிடுவதை விட்டுவிட்டிருந்தார். "அம்மிணி" என்றார். சாயங்காலமானால் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் வெள்ளைத் துணியும் எடுத்துக்கொண்டு சுவர் முன்னால் உட்காருவார். துணியை நனைத்துப் பிழிந்து, நெற்றியில் பற்றுப் போடுவது போல, சுவரில் அந்த இடத்தில் ஒட்ட வைப்பார். காய்ந்தால் திரும்ப நனைப்பார். பக்கத்தில் என்னை உட்கார வைத்துக்கொண்டு பேசுவார். பாவாயி போன ராத்திரி, பெரியவர்கள் வைத்தியரைக் கூட்டி வரப் போனார்களாம். பார்த்துக்கொள்ளச் சொல்லி இவரை விட்டுப் போனார்களாம். பதினாறு வயசு. மூன்று நாள் கண் விழித்த அசதியில் தூங்கிவிட்டாராம். "அக்கான்னு கூப்பிட்டிருப்பா அம்மிணி. எத்தன தடவ கூப்பிட்டாளோ. நா எந்திரிக்கல." இதைச் சொல்லிவிட்டுச் சுவரைத் தடவி, "இந்த வாட்டி நா தூங்கறதில்ல" என்றார். இவரிடம் போய், நீங்கள் ஈரத்துணி போடுவது என் தப்பான ஒயருக்கு என்று எப்படிச் சொல்வேன்? இரக்கம்தான் காரணம் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் இரக்கம். மறுபாதி, திரும்பவும் காலேஜு ஆகிவிடுவேனே என்ற பயம். ஈரம் தினமும் மண்ணுக்குள் இறங்கி அந்த டேப்பை ஊற வைத்துக்கொண்டிருந்தது. அதுவும் எனக்குத் தெரியும்.

தை மாதம் உனக்குக் காது குத்தினோம். நாமக்கல்லில் குத்திக்கொண்டு வந்து, சாயங்காலம் தோட்டத்தில் விருந்து. உன் அப்பா ஆசைப்பட்டு வாசலில் ஒரு லாரி ஹெட்லைட்டை மாட்டினார், பந்தலில் இன்னும் இரண்டு பல்பு, சாப்பிடும் இடத்தில் லாரிக் கேபினில் வைக்கும் சின்ன ஃபேன். உன் மாமா வந்து இறங்கியதும், "ஏனுங் மாப்ள, ஊட்டுக்குள்ள லாரிய நிறுத்திப்போட்டீங்களாட்ட இருக்குது? ஹெட்லைட்டு கண்ணக் கூசுது" என்றான். "ஆரன் ஒண்ணுதானுங் மச்சான் பாக்கி, அதுவும் மாட்டீர்றனுங்க" என்றார் உன் அப்பா. எல்லாரும் சிரித்தார்கள். முதல் பந்தி உட்கார்ந்ததும் ஃபியூஸ் போனது. இலை போட்டாயிற்று, இருட்டு, கூட்டம் சலசலக்கிறது. நான் ஓடிப்போய்ப் புதுக் கம்பி போட்டேன். ஐந்து நிமிஷத்தில் அதுவும் போனது. அப்போது வீட்டுக்குள்ளிருந்து உன் சித்தப்பா முறைக்காரர் ஒருவர், "காலேஜுப் படிப்பு கைகுடுக்கலீங்களாட்டம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மிச்சமிருந்த ஒயரில் ஒரு துண்டை உரித்து, மூன்று இழையையும் சேர்த்து முறுக்கி ஃபியூஸ் கட்டையில் மாட்டினேன். விளக்கு நின்று எரிந்தது. எல்லாரும் ஆகா என்றார்கள். நானும் பெருமையாகத்தான் போய்ப் பரிமாறினேன்.

ஃபியூஸ் விளக்குக்காக இருப்பதல்ல, கண்ணு. ஒயருக்காக இருப்பது. ஒயர் தாங்க முடியாமல் கத்துகிற சத்தம்தான் ஃபியூஸ் போவது. நான் அதன் வாயை அடைத்தேன். நீயும் அடைத்திருக்கிறாய்.

நீ அசந்து உள்ரூமில் தூங்கிக்கொண்டிருந்தாய். பெரியத்தை பந்திக்கு வரவில்லை. அன்று சுவர் கை வைக்க முடியாத சூடு என்று ஈரத்துணியோடு அங்கேயே இருந்தார். உனக்கு அந்தக் கதகதப்பு பிடிக்கும். அன்றும் சுவரை ஒட்டித்தான் படுத்திருந்தாய். மூன்றாம் பந்தி நடக்கும்போது விளக்குகள் எல்லாம் ஒரு சேரச் சிவந்து மங்கின. ஹெட்லைட் கங்கு மாதிரி ஆனது. உள்ளேயிருந்து பெரியத்தை குரல்: "அம்மிணி, இங்க வா. பேசறா." ஓடினேன். சுவர் பேசிக்கொண்டுதான் இருந்தது. புஸ், புஸ் என்று, பல் சந்தில் மூச்சு விடுகிற மாதிரி. ஈரத்துணியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. ரப்பர் தீய்கிற வாடை. பெரியத்தை உன்னைச் சுவரை விட்டு ஒரு முழம் இழுத்துப் போட்டிருந்தார். எனக்குப் புத்தி வந்தது. திரும்ப முன்ரூமுக்கு ஓடி ஃபியூஸைப் பிடுங்கினேன். வீடே இருண்டது. அப்பாடா என்று உள்ரூம் பக்கம் திரும்பினேன்.

இருட்டில் சுவரில் ஒரு சிவப்புக் கோடு இருந்தது.

விரல் நீளம். பூச்சு வெடித்த இடத்தில், உள்ளேயிருந்து, மூடிய கண்ணிமை லேசாகத் திறந்த மாதிரி. எல்லா விளக்கும் அணைந்த பிறகு அது மட்டும் எரிந்தது. ஃபியூஸைப் பிடுங்கிவிட்டேனே, இனி எதில் எரிகிறது? அந்த ஒரு நொடியில் நான் படித்ததெல்லாம் பொய், பெரியத்தை சொன்னதுதான் நிஜம் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. ஒயர்களின் மேலுறை உருகி, போகிற ஒயரும் வருகிற ஒயரும் சுவருக்குள்ளேயே ஒன்றையொன்று தொட்டுவிட்டன. அது ஃபியூஸுக்கு முன்னால். நாலு பேட்டரியும் அந்தச் சுவருக்குள் தம்மைக் கொட்டிக்கொண்டிருந்தன, நடுவில் தடுக்க ஒன்றுமே இல்லை. பேட்டரி பார்ப்பதற்குச் சாதுவாக உட்கார்ந்திருக்கும். யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று பார்க்காது. கேட்டால் கொடுக்கும்.

"இஞ்சின் ரூமுங்க, பேட்டரியக் கழட்டுங்க" என்று கத்தினேன். உன் அப்பா இருட்டில் அறுபதடி ஓடிப்போய் வெறுங்கையால் கேபிளைப் பிய்த்தெடுத்தார். அவர் உள்ளங்கையில் இருக்கும் அந்தக் கறுப்பு அப்போது வந்தது. அதற்குள் பூச்சு பெயர்ந்து, பழுக்கக் காய்ந்த ஒயர் சுருண்டு வெளியே விழுந்தது. நீ ஒரு முழம் தள்ளிப் படுத்திருந்தாய். தோளில் மட்டும் பட்டது. நாலு கோடு. இரண்டு ஒயர், இரண்டு சுருள்.

மறுநாள் உன் அப்பா சுவரை இடித்துக் கருகிய ஒயரை எடுத்தார். அந்த முறுக்கலைக் கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உனக்கு முன்னாலயே தெரியுமா புள்ள?" என்றார். கோபமில்லை. கேட்டார், அவ்வளவுதான். "தெரியாதுங்க" என்றேன். தலையாட்டினார். விசாரிக்க வந்த சனத்திடமெல்லாம், "என் தப்புத்தானுங்க, லாரி ஒயர ஒட்டுப் போட்டு இழுத்தேன், இந்தக் கைய நம்புனா ஆவாது" என்று சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் பக்கத்தில் நின்று காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து இன்றுவரை வீட்டில் ஒரு சுவிட்சைக்கூட அவர் கழற்றிப் பார்த்ததில்லை. பல்பு போனால்கூட உன்னைத்தான் கூப்பிடுவார், கவனித்திருக்கிறாயா? நீ எலக்ட்ரிகல் படிக்கப் போகிறேன் என்றபோது ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அது என்னால் வந்தது.

ஒன்றை மட்டும் நான் கணக்கில் சேர்க்க முடியவில்லை. உன்னை இழுத்துப் போட்டது எப்படி என்று பெரியத்தையைக் கேட்டேன். அவர் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டாராம். "அக்கா, புள்ளயத் தள்ளிப் போடுன்னா அம்மிணி. காதுல சொன்னா. நா எந்திரிச்சிட்டேன்" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சாகும்வரை அந்த இடத்தில் வருஷா வருஷம் பாவாடையும் வளையலும் வைத்துக் கும்பிட்டார். அதை நான் அவரிடமிருந்து எடுக்கவில்லை, இப்போதும் உன்னிடமிருந்து எடுக்க மாட்டேன். கும்பிட்டுக்கொள். ஆனால் கும்பிட்டுவிட்டுச் சுவரை உடைத்துப் பார்.

உடைத்துப் பார்த்த பிறகு செய்ய வேண்டியது இது. எத்தனை ட்யூப், வார்டன் ஐயாவின் ரேடியோ, நாளைக்கு அவர் கேட்கப்போகும் ஃபேன், எல்லாவற்றையும் ஆம்பியரில் கூட்டு. பன்னிரண்டு வோல்ட்டில் ஆம்பியர் எப்போதும் நாம் நினைப்பதைவிடப் பெரிதாக வரும். வீட்டுக் கரண்டில் இரண்டு வோல்ட் வழியில் தொலைந்தால் யாருக்கும் தெரியாது. உன் பேட்டரியில் அது ஆறில் ஒரு பங்கு. தூரத்தைக் கண்ணளவில் பார்க்காதே, ஒயர் போகும் பாதையிலேயே கயிறு பிடித்து அள, அளந்ததை இரண்டால் பெருக்கு. அரை வோல்ட்டுக்கு மேல் போகாத மாதிரி ஒயரைத் தேர்ந்தெடு. சந்தேகம் வந்தால் ஒரு படி தடிமனாக எடு. தடிமனான ஒயரால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. அந்த ஒயர் எவ்வளவு தாங்குமோ அதற்குக் கீழே ஃபியூஸ் போடு, விளக்கு எவ்வளவு கேட்கிறது என்று பார்த்துப் போடாதே. ஃபியூஸைப் பேட்டரித் தலையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வை, வீட்டுப் பலகையில் இன்னொன்று இருந்தால் இருக்கட்டும். உனக்கு ஆறு பேட்டரி என்று எழுதியிருந்தாய், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒன்று வைத்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். சுவருக்குள் ஒட்டு வேண்டாம். கடைசியாக, எல்லா விளக்கையும் ஒரு மணி நேரம் எரியவிட்டு, கேபிள் நெடுகக் கையால் தடவிக்கொண்டே போ. எங்கேயாவது கைக்கு இதமாக இருந்தால் அங்கே நின்றுவிடு. அந்த இதம்தான் தப்பு.

உன்னோடு படித்தவர்கள் என்னை உன் அக்கா என்று நினைத்துக்கொண்டதைச் சொல்லிச் சிரிப்பாய். இன்று ராத்திரி நான் ரொம்பக் கிழவியாகிவிட்டேன். இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டப்போவதில்லை. ஒட்டாமல்தான் உன் அப்பாவின் கையில் கொடுப்பேன். சேந்தமங்கலம் போகும் வழியில் எங்காவது லாரியை ஓரம் கட்டிப் படித்தால் படிக்கட்டும். பதினைந்து வருஷம் அவர் சுமந்தது அவருடையது இல்லை என்று அவருக்கும் தெரியட்டும். அதற்கு மேல் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கும் பயமாகத்தான் இருக்கிறது.

இதை எழுதும்போது இரண்டு தடவை எழுந்து போய், இந்த வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். ஒயரே ஓடாத சுவர். முதல் தடவை குளிர்ந்து இருந்தது. இரண்டாம் தடவை சூடு சுவரிலா என் கையிலா என்று சொல்ல முடியவில்லை.

மலையில் இந்நேரம் பிள்ளைகள் அந்த இடத்தில் முதுகை ஒட்டித் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பேட்டரியைக் கழற்றியதும், சுவர் ஆறியதும், அதே கண்டக்டரிடம் சாயங்கால பஸ்ஸிலேயே ஒரு வரி எழுதிக் கொடுத்தனுப்பு. வேறு ஒன்றும் எழுத வேண்டாம், கையை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருக்கிறது என்று மட்டும் எழுது. சீக்கிரம் பதில் போடு, சாமி.

அம்மா